சுடாத விளக்கு

அத்தியாயம் பதினொன்று

போன அத்தியாயத்தில் மகளின் முதுகில் முப்பது சதுரங்களை ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். மறந்தவர்களுக்காக இரண்டு வரி: பெண் பல் மருத்துவம் படிக்கிறாள், நான்காம் வருடம். எட்டு மாதமாக விரல் நுனிகள் அரித்து, சிவந்து, இப்போது வெடித்துத் தோல் உரிகிறது. எந்தப் பொருள் அவளுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, தோல் டாக்டர் முப்பது பொருள்களை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்து முதுகில் ஒட்டினார். திங்களன்று ஒட்டியதைப் புதனன்று பிரித்தார்கள். இன்று வெள்ளி. கடைசியாக ஒருமுறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நாள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். ரப்பராக இருக்க வேண்டும்.

ரப்பர் என்றால் கவலையே இல்லை. கல்லூரியில் போடுகிற கையுறைதான் வினை என்று ஆகிவிடும். வேறு கையுறை மாற்றிக்கொண்டு, வரும் திங்கட்கிழமை முதல்முறையாக உயிருள்ள நோயாளியின் வாயைத் திறந்து பார்க்கலாம். அந்தத் திங்கட்கிழமைக்காக நாலு வருடம் பிளாஸ்டர் பற்களோடு மல்லுக்கட்டியவள் அவள். ரப்பர் இல்லையென்றால் என்ன என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அது நடந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் எல்லோரையும்விட அம்மாவுக்கு அதிகம். காரணம், அவள் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டாள்.

அம்மாவைத் தெருவில் எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவளும் தங்கையும் சேர்ந்து நகங்களுக்குப் பூச்சுப் போட்டுவிடும் கடை வைத்திருக்கிறார்கள், அதனால் பெரியக்கா, சின்னக்கா. நாமும் பெரியவள், சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம். பெரியவளின் கணவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. வீட்டுக்கு வர இன்னும் நாலு மாதம். ஆக, நல்லது கெட்டது எதுவானாலும் இவள் ஒருத்தி தலையில்தான்.

காலையில் மகள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை மேலே ஏறியிருந்தது. டாக்டர் போட்டுவிட்ட பேனாக் கோடுகளுக்கு நடுவே இருபத்தொன்பது கட்டமும் வெறும் தோல். ஒன்றே ஒன்று மட்டும் சிவந்து தடித்து, பொடிப்பொடியாகக் கொப்பளித்திருந்தது. இரண்டாவது வரிசை, நான்காவது கட்டம்.

எந்தக் கட்டத்தில் எதை வைத்தார்கள் என்கிற பட்டியல் டாக்டரிடம் இருக்கிறது. பெரியவள் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

*

கடைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் புழங்கும் சோப்பு, ஷாம்பு, களிம்பு, நகப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார் டாக்டர். பூச்சுப் புட்டிகள் கடையில் இருந்தன.

உள்ளே கல்யாணப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சின்னவள் நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றுப்போய் நின்றாள்.

"அக்கா, நீயே சொல்லு. இருபது நிமிஷமா கருஞ்சிவப்பா ரோஸான்னு குழம்புறாங்க."

"எத்தனை நாள் நிக்கணும்?" என்றாள் பெரியவள்.

"மூணு வாரம். கல்யாணம் முடிஞ்சு உடனே ஊர் சுத்தப் போறோம்."

"அப்ப வெளிர் நிறம் எடுங்க. அடர் நிறத்துல சின்னக் கீறல் விழுந்தாலும் தெரியும். அடியில நகம் வளர்ந்தா அதுவும் பல்லிளிக்கும். வெளிர்னா மூணாவது வாரம்கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"மூணு வாரம் நிக்குமா?"

"நீங்க நிக்க விட்டா நிக்கும். நகத்தால டப்பா மூடியைத் திறக்கக் கூடாது. பாத்திரம் கழுவுறப்ப கையுறை. ராத்திரி படுக்கறப்ப நக ஓரத்துல ஒரு சொட்டு எண்ணெய். முனை தூக்கிட்டா கடிச்சு இழுக்காதீங்க, இங்க வாங்க, ஊற வச்சு எடுத்துத் தரேன். பிய்ச்சா பூச்சோட சேர்ந்து உங்க நகமும் ஒரு அடுக்கு உரிஞ்சு வரும்."

"எங்க வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவாராம். சொல்லியிருக்கார்."

"மூணு வாரத்துக்கு அப்புறம் வந்து சொல்லுங்க," என்றாள் சின்னவள்.

கடை சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பூச்சை இழுத்து, அந்தப் பெண்ணின் கையை விளக்குக்குள் வைத்தாள். பூச்சைக் கெட்டிப்படுத்தும் சின்னப் பெட்டி விளக்கு அது. கை உள்ளே போன பத்தாவது நொடியில் அந்தப் பெண் துள்ளினாள்.

"ஆ! சுடுதுக்கா!"

"சுடுதா? சந்தோஷம். உள்ள கெட்டியாகுதுன்னு அர்த்தம். ஒரு நொடி வெளிய எடுத்துட்டு மறுபடி வைங்க."

ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பாட்டு. மனசு எங்கேயோ இருக்க, வாய் தானாகப் பாடியது.

புட்டிகளைப் பையில் போடும்போது சின்னவள் பின்னால் வந்தாள். "முகத்தை ஏன் இப்படி வச்சிருக்க? ரப்பர்தான்க்கா. எழுதி வச்சுக்கோ."

"நீ எப்ப தோல் டாக்டரான?"

"டாக்டரம்மாவோட சித்தி. பாதி டாக்டர் இல்லையா?"

மகள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்தவளே சின்னவள்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓசியில் பல் ஆலோசனை வேறு சொல்லுவாள்.

*

டாக்டர் அறையில் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். டாக்டர் பட்டியலைக் கையில் எடுத்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, குரல் உயராது. கெட்ட செய்தி சொல்ல அளவெடுத்துச் செய்த குரல்.

"நாலு நாளா முதுகு நனையாமக் குளிச்சேன் டாக்டர். ரிசல்ட் நல்லா வரலைன்னா உங்க மேல கேஸ் போடுவேன்," என்றாள் மகள்.

டாக்டர் சிரித்தார். விரலை முதல் வரிசையில் ஓட்டிக்கொண்டே வந்தார். "நிக்கல், இல்ல. வாசனைப் பொருள், இல்ல. ரப்பர்..."

பெரியவள் மூச்சைப் பிடித்தாள்.

"ரப்பர் மூணு விதம் வச்சேன். மூணும் சுத்தமா இருக்கு."

மகளின் தோள் அசையாமல் நின்றது. சட்டென்று அவளுக்கு விளங்கிவிட்டது என்று பெரியவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலு வருடம் படித்தவள் இல்லையா, மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"இரண்டாவது வரிசை, நாலு," என்றார் டாக்டர். "நல்லாவே தடிச்சிருக்கு. இது அக்ரிலேட் குடும்பம்."

"அப்படின்னா?" என்றாள் பெரியவள்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள். திரும்பாமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பல்லுல ஓட்டை அடைக்கிறோம் இல்லம்மா, அந்தப் பசை. அடைக்கிற பொருள். பொய்ப்பல் செய்யறது. எல்லாம் இந்தக் குடும்பம்தான்."

பெரியவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சரியாப் போயிடும்ல டாக்டர்? மருந்து இருக்கும்ல?"

"இந்தப் புண்ணு ஆறிடும். ஆனா ஒருதடவ உடம்பு இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா மாத்திக்காதும்மா. ஆயுசுக்கும் அப்படித்தான். மறுபடி தொட்டா மறுபடி வரும், ஒவ்வொரு தடவையும் கூடுதலா வரும்."

"கையுறை?"

"கொஞ்ச நிமிஷத்துல ஊடுருவிடும். ரெண்டு போட்டாலும் நிக்காது. விடாம தொட்டுக்கிட்டே இருந்தா சில பேருக்கு விரல் நுனி மரத்தே போயிடுது."

விரல் மரத்துப்போன பல் டாக்டர். அறையில் மூன்று பேரும் அதை மனசுக்குள் நினைத்தார்கள்.

டாக்டர் குறிப்பேட்டைத் திருப்பினார். "ஒண்ணு மட்டும் இடிக்குது. அரிப்பு எட்டு மாசமா இருக்குங்கறே. கல்லூரியில இந்தப் பசையைத் தொட்டது எப்ப?"

"ரெண்டு மாசமாத்தான்."

"அப்ப ஆரம்பம் வேற எங்கேயோ." டாக்டர் மேஜைமேல் இருந்த புட்டிகளில் ஒன்றை எடுத்து லேபிளைப் படித்தார். "இதுவும் அதே குடும்பம். நீங்கதான் போட்டு விடுவீங்களா?"

"ஏழு வருஷமா கடை நடத்துறேன் டாக்டர். ஒரு கஸ்டமருக்குக்கூட ஒண்ணும் வந்ததில்ல."

"முழுசாக் கெட்டியாயிட்டா அபாயம் குறைவுதான். அரைகுறையா நின்னு, அது தோல்ல படப் படத்தான் வம்பு. என்ன லேம்ப்?"

மகள் முந்திக்கொண்டாள். அம்மாவைக் காப்பாற்றுகிறாளாம். "அம்மா லேம்ப் ரொம்ப நல்லது டாக்டர். கடையில இருக்கிறதுதான் சுரீர்னு சுடும். வீட்டுல எனக்கு வைக்கிறது ரெண்டு வருஷமா ஒருதடவகூட சுட்டதே இல்ல."

டாக்டர் 'வீட்டில் நகப்பூச்சு, இரண்டு வருடம்' என்று எழுதிக்கொண்டார். அவருக்கு அது வெறும் வரி. பெரியவளுக்கு அப்படியில்லை.

சுட்டால் கெட்டியாகிறது என்று அர்த்தம். காலையில்தான் சொல்லிவிட்டு வந்தாள். சுடவே இல்லையென்றால் என்ன அர்த்தம்?

டாக்டர் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு நீட்டினார். "திங்கட்கிழமைக்கு முன்னாடி இதைக் கொடுத்தே ஆகணும். எக்ஸ்ரே பிரிவு மாதிரி ஏதாவது பக்கம் மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க."

"நான் பல் கட்டத்தான் டாக்டர் வந்தேன்," என்றாள் மகள். "படம் பிடிக்க இல்ல."

*

பேருந்து நிறுத்தத்தில் சின்னவளிடமிருந்து போன்.

"ரப்பர்தானே?"

"இல்ல."

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து வாய் மூடாதவள் சின்னவள். அவள் பேசாமல் இருந்ததுதான் பெரியவளை அழவைத்துவிட்டது. மகள் போனை வாங்கி, "சித்தி, அப்புறம் பேசுறோம்," என்று அணைத்தாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மகள் கணக்குப் போட ஆரம்பித்தாள். "ரெண்டு பத்தாதுன்னா மூணு கையுறை போடலாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ மாத்தலாம். பசையைக் கையால தொடாம கருவியாலயே தொடலாம்."

"டாக்டர் சொன்னாங்களேடி..."

"அவங்க பயமுறுத்தத்தான் சொல்வாங்க. நாங்களும்தான் சொல்லுவோம், இனிப்பு சாப்பிட்டா பல்லெல்லாம் கொட்டிடும்னு."

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறு ஒன்று வெளியே வந்துவிடும்.

அந்த வேறு ஒன்றைப் பற்றி வாசகர்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கடையில் ஒரு விளக்கு தளர்ந்துபோனது. எரியும், ஆனால் பூச்சு நாலே நாளில் உரிந்தது. கஸ்டமர்கள் சண்டைக்கு வந்தார்கள். புது விளக்கு வாங்கினார்கள். 'பழசைத் தூக்கிப் போடுக்கா' என்றாள் சின்னவள். பெரியவளுக்கு மனசு வரவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புது நிறம் வந்தால் முதலில் மகள் கையில்தான் போட்டுப் பார்ப்பாள். கடையின் புது விளக்கில் ஒருமுறை கையை வைத்தபோது பெண் துடித்து இழுத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய விளக்கில் வைத்தபோது, "இது சுடலையேம்மா!" என்று சிரித்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் அந்த விளக்குத்தான். கஸ்டமருக்குச் சுட்டால் சந்தோஷம், தன் பிள்ளைக்குச் சுடக்கூடாது.

இதில் எங்கே வஞ்சகம்? ஒன்றும் இல்லை. அதுதான் பெரியவளால் தாங்க முடியாததாக இருந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் மகள் கை கழுவப் போனாள். பெரியவள் அலமாரியிலிருந்து விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கடையில் புது விளக்கு வந்தால் ஒரு சோதனை செய்வார்கள். அலுமினியத் தாளில் நிறமில்லாத பூச்சை ஒரு பெரிய சொட்டு விட்டு, ஒரு நிமிடம் விளக்கில் காட்டி, பல்குச்சியால் குத்திப் பார்ப்பது. கல் மாதிரி நின்றால் விளக்கு நல்லது. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் இந்த விளக்குக்கு அதைச் செய்யவில்லை.

சொட்டு விட்டாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம். மனசு கேட்காமல் இன்னொரு நிமிடம்.

மேலே பளபளவென்று இருந்தது. பல்குச்சியை வைத்ததும் பாலாடை போல மேல்தோல் நகர்ந்தது. அடியில் அத்தனையும் ஈரம். பிசுபிசுவென்று தாளில் வழிந்தது.

"என்னம்மா பண்ற?"

மகள் பின்னாலேயே நின்றிருந்தாள். துண்டால் விரல்களை ஒற்றிக்கொண்டே தாளைப் பார்த்தாள். அவளும் கல்லூரியில் விளக்குக் காட்டிப் பசையைக் கெட்டிப்படுத்துகிறவள்தான். யாரும் விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

"கெட்டியாகல," என்றாள்.

"ஆமா."

"தெரியுமா உனக்கு?"

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "லேம்ப் தளர்ந்துடுச்சுன்னு தெரியும். கடையில கஸ்டமருக்கு உரிஞ்சுது, அதான் மாத்தினோம். உனக்கு வாரா வாரம் எடுத்துட்டு வேற போடுறேன், ஒரு வாரம்தானே, தாங்கும்னு..."

"கஸ்டமருக்கு ஆகாததை எனக்கு வச்சியா?"

"சுடுதுன்னு நீ அழுத. எனக்குப் பொறுக்கல." பெரியவள் விளக்கைத் தள்ளி வைத்தாள். "இது சுடலன்னு நீ சிரிச்ச. நான் அதை மட்டும்தான் பார்த்தேன். என்னை நாலு அறை அறைஞ்சிடு."

மகள் அறையவில்லை, கத்தவும் இல்லை.

"சுட்டிருந்தா ரெண்டு நொடி கத்தியிருப்பேன்மா," என்றாள். "அவ்வளவுதானே."

பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. திட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள், சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பெண் சின்ன வயதில் பொம்மைகளின் வாயைத் திறந்து பார்த்ததும், நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை படித்ததும், பிளாஸ்டர் தூசியோடு வந்து சாப்பிடாமலே தூங்கியதும் ஒவ்வொன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. எல்லாவற்றையும் தன் கையால், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, கொஞ்சிக் கொஞ்சி அழித்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. உள்ளிருந்து சூடான துணி வாசனை வந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

மகள் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக் கோட்டு.

பெரியவள் பரபரவென்று மருத்துவமனைக் கோப்பைத் திறந்தாள். பரிசோதனைப் பட்டியல் இருந்தது. களிம்புச் சீட்டு இருந்தது. உறை மட்டும் இல்லை. மறுபடி தேடினாள், பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். இல்லை.

மகளின் அறை வாசலில் போய் நின்றாள்.

"லெட்டர் எங்க?"

"எந்த லெட்டர்?" மகள் தலையைத் தூக்கவில்லை.

"டாக்டர் கொடுத்தாங்களே. கல்லூரிக்கு..."

"அப்படி ஒண்ணும் கொடுக்கல. சித்தி கேட்டா நீயும் அதையே சொல்லு. அப்பா கேட்டாலும்."

"விரல் மரத்துப் போயிடும்னு சொன்னாங்களேடி!"

"கேட்டேன். நானும் அங்கதான இருந்தேன்."

'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று ஆரம்பிக்க வாயெடுத்தாள் பெரியவள். எந்த அம்மாவும் யோசிக்காமல் சொல்லுகிற வார்த்தை. நாக்கு புரளவில்லை. இந்தப் பெண்ணைத் தடுக்க வேண்டும், இப்போதே தடுக்க வேண்டும், அந்த உறையைப் பிடுங்கியாவது தடுக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தடுக்கிற தகுதி மட்டும் அவளிடம் மிச்சம் இல்லை.

"அங்கேயே நிக்காத," என்றாள் மகள். வெடித்த விரல்களால் துணியை இழுக்க அவளுக்கு வலித்தது. "இந்தக் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடி. சுருக்கம் விழுது."

பெரியவள் உள்ளே போய்க் கோட்டின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.